மலையகத்துக்கு விமான நிலையமா, குளிர் அறையா? விமானச் சரக்கு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நுவரெலியா, கந்தப்பளை, இராகலை, வெலிமடை, பண்டாரவளைப் பக்கத்து மரக்கறி விவசாயிகளும், தோட்டங்களில் பிறந்து படித்து வேலை தேடும் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். "நமக்கென்று ஒரு விமான நிலையம் வந்தால் கரட்டும் லீக்ஸும் நேராக வெளிநாடு போகுமே" என்ற ஆசை நியாயமானது. அதனால் அந்த ஆசையிலிருந்தே தொடங்குகிறேன்.

சின்ன ஊர் விமான நிலையம் ஒன்று உலகப் பெரிய சரக்கு மையமாக வளர்ந்தது உண்மையிலேயே நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது, பல இடங்களில். அதிகம் பேசப்படுவது அமெரிக்காவின் மெம்பிஸ். ஃபெடரல் எக்ஸ்பிரஸ் என்ற புதிய கூரியர் நிறுவனம் 1973 ஏப்ரல் 17ஆம் திகதி இரவு அங்கிருந்து 14 சிறிய விமானங்களை அனுப்பியது. அன்றைக்குக் கிடைத்த பொதிகள் மொத்தம் 186. அந்த மெம்பிஸ்தான் 1993 முதல் 2009 வரை உலகிலேயே அதிகச் சரக்கைக் கையாண்ட விமான நிலையமாக இருந்தது. ஹொங்கொங் முந்தியது அதன் பிறகுதான்.

ஜெர்மனியின் லைப்சிக் நகரத்துக்கு 2008இல் டிஎச்எல் கூரியர் நிறுவனம் தன் ஐரோப்பிய மையத்தை பிரசெல்ஸிலிருந்து மாற்றியது. பிரசெல்ஸில் இரவு விமானங்களுக்குக் கட்டுப்பாடு இறுகியது, லைப்சிக் இரவு முழுவதும் இயங்க இடம் கொடுத்தது. சீனாவில் வூஹானுக்குப் பக்கத்து ஊரான எஜோவில் எஸ்எஃப் எக்ஸ்பிரஸ் என்ற கூரியர் நிறுவனத்தை மனத்தில் வைத்தே ஒரு சரக்கு விமான நிலையம் கட்டி 2022இல் திறந்தார்கள்.

இந்த ஊர்களுக்குப் பொதுவாக என்ன இருந்தது என்று பாருங்கள். நாட்டின் நடுப்பகுதி அல்லது பல சந்தைகளுக்குச் சம தூரம், சமதரை, வருடம் முழுவதும் பெரும்பாலும் மூடாத வானிலை, இரவில் பறக்க அனுமதி. இவை எல்லாவற்றையும்விட முக்கியம், ஒவ்வொரு இரவும் தவறாமல் சரக்குக் கொண்டுவரும் ஒரு நிறுவனம். மெம்பிஸ் பெரிய மையமாகும் என்று நம்பி யாரும் வெறும் ஓடுபாதை போட்டுக் காத்திருக்கவில்லை. விமான நிலையம் ஏற்கெனவே இருந்தது, சரக்கு தன் வேலைக்காக அதைத் தேடி வந்தது.

அப்படியானால் நுவரெலியாவில் ஒன்று கட்டலாமே?

சரக்கு விமானம் இறங்கும் அளவுக்கு அங்கே கட்ட முடியாது, கட்ட முயலவும் கூடாது. நூறு தொன் ஏற்றும் போயிங் 777 ரகச் சரக்கு விமானம் முழுப் பாரத்துடன் எழும்ப, கடல்மட்டத்திலேயே ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நேர்ப்பாதை வேண்டும். நுவரெலியா நகரம் 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. இறக்கைக்குக் கிடைக்கும் தூக்குவிசையும் குறைகிறது, இயந்திரத்தின் உந்துவிசையும் குறைகிறது. ஆகவே பாதை இன்னும் நீள வேண்டும். குதிரைப் பந்தயத் திடல், கொல்ஃப் மைதானம், கிரகரி வாவி எல்லாவற்றையும் சேர்த்து அழித்தாலும் அந்த நீளம் நேராகக் கிடைக்காது. பக்கத்திலேயே 2,524 மீட்டர் உயரத்துக்குப் பிதுருதலாகலை நிற்கிறது. மாலையானால் மூடுபனி வேறு.

உயரம் மட்டும்தான் தடை என்று எண்ண வேண்டாம். கொலம்பியாவின் பொகோட்டா விமான நிலையம் 2,500 மீட்டருக்கு மேலே இருந்துகொண்டே உலகுக்குப் பூ அனுப்புகிறது. ஆனால் பொகோட்டா அகன்ற பீடபூமி. நம் ஊர் சரிவும் பள்ளத்தாக்கும்.

மலையும் விமானமும் மோதினால் என்ன ஆகும் என்று நம் பெரியவர்களுக்குத் தெரியும். 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களுடன் கட்டுநாயக்கவில் இறங்க வந்த மார்டின்ஏர் விமானம் மஸ்கெலியாப் பக்கத்து ஏழுகன்னி மலையில் மோதியது. 191 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. இத்தனைக்கும் அது மலையில் இறங்க வந்த விமானமும் இல்லை, மலையைக் கடந்து போக வேண்டிய விமானம்.

கண்டிப் பக்கம்?

உள்நாட்டுச் சிறு விமானங்களுக்கு ஒரு தளம் என்ற பேச்சு அவ்வப்போது எழும். சுற்றுலாவுக்கு அது உதவலாம். காசல்ரீ நீர்த்தேக்கத்தில்கூட மிதவை விமானம் இறங்கியிருக்கிறது. மரக்கறிச் சரக்குக்கு இவற்றால் ஒரு பயனும் இல்லை. சில நூறு கிலோ ஏற்றும் விமானத்தில் கோவா அனுப்பினால் கூலி கோவாவின் விலையைத் தாண்டிவிடும்.

மத்தளவில் பெரிய ஓடுபாதை இருக்கிறதே, அங்கே ஏன் சரக்கு குவியவில்லை?

இந்தக் கேள்விக்குத்தான் நாம் அதிக நேரம் கொடுக்க வேண்டும், ஏனென்றால் விடை நம் நாட்டிலேயே இருக்கிறது. மத்தள விமான நிலையம் 2013 மார்ச்சில் திறக்கப்பட்டது. செலவு ஏறத்தாழ 209 மில்லியன் டொலர், அதில் 190 மில்லியன் சீனாவின் எக்சிம் வங்கிக் கடன். 3,500 மீட்டர் ஓடுபாதை, கட்டுநாயக்கவின் 3,350 மீட்டரைவிட நீளம். பக்கத்தில் அம்பாந்தோட்டைத் துறைமுகம். காகிதத்தில் பார்த்தால் எதுவும் குறைவில்லை.

ஆனால் சுற்றிலும் சரக்கு இல்லை. ஆடைத் தொழிற்சாலைகளில் பெரும்பகுதி மேல் மாகாணத்தைச் சுற்றி, சுங்க முகவர்கள் கொழும்பில், பயணிகள் விமானங்கள் கட்டுநாயக்கவில். திறந்து சில ஆண்டுகளுக்குள் அங்கிருந்த சரக்குக் கட்டடத்தில் நெல் மூட்டை அடுக்கி வைத்தார்கள். காட்டு விலங்குகளும் பறவைகளும் வேறு பிரச்சினை. ஓடுபாதை முதலில், சரக்கு பிறகு என்ற வரிசையில் போனால் வட்டி மட்டும் நேரத்துக்கு வரும். அந்த வட்டியில் நம் தோட்டத் தொழிலாளி வாங்கும் மாவுக்கும் சீனிக்கும் போட்ட வரியும் கலந்திருக்கிறது. மலையகத்தில் இன்னொரு மத்தளவைக் கேட்காதீர்கள் என்று நான் மன்றாடிக் கேட்பது அதனால்தான்.

ஒரு பெரிய நிறுவனம் வந்து பொறுப்பெடுத்தால் சரிதானே?

வந்தவர் போனால் என்ன செய்வது என்றும் கேட்க வேண்டும். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து வில்மிங்டன் ஒரு சிறிய ஊர். பழைய விமானப் படைத் தளம் அங்கே கூரியர் மையமாக வளர்ந்தது, பிறகு டிஎச்எல் கைக்குப் போனது. 2008இல் அந்த நிறுவனம் அமெரிக்க உள்நாட்டுச் சேவையை நிறுத்துவதாக அறிவித்தது. ஏறத்தாழ எட்டாயிரம் பேருக்கு வேலை போனது. ஊரில் அநேகமாக ஒவ்வொரு வீட்டிலும் அதன் அடி விழுந்தது. தேயிலை என்ற ஒரே பொருளையும் கம்பனி என்ற ஒரே முதலாளியையும் நம்பி வாழ்ந்த நமக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

நம்மைப் போல மேட்டுநிலத்து ஊர் ஏதாவது வென்றிருக்கிறதா?

கென்யாவின் நைவாஷா. நம் பிள்ளைகள் படிக்க வேண்டிய உதாரணம் இது என்பது என் உறுதியான எண்ணம். நைவாஷா ஏரி ஏறத்தாழ 1,880 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அதாவது கிட்டத்தட்ட நுவரெலியாவின் உயரம். அங்கே ரோஜாத் தோட்டங்கள். ஐரோப்பியச் சந்தையில் விற்கும் ரோஜாவில் பெரும் பங்கு கென்யாவிலிருந்து போகிறது, அதில் நைவாஷாவின் பங்குதான் முக்கியம்.

நைவாஷாவில் சரக்கு விமான நிலையம் கட்டி அவர்கள் இதைச் செய்யவில்லை. காலையில் வெட்டிய பூ உடனே தண்ணீரில், அடுத்துத் தோட்டத்துக்கு உள்ளேயே இருக்கும் குளிர் அறையில். அங்கே தரம் பிரித்து, கட்டி, பெட்டியில் அடுக்கி, குளிரூட்டி லொறியில் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தூரத்து நைரோபி விமான நிலையத்துக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே மறுபடியும் குளிர் அறை. இரவு விமானம், விடிந்தால் நெதர்லாந்து. ஓரிரு நாளில் ஆல்ஸ்மேர் பூச்சந்தையிலோ ஐரோப்பியக் கடையிலோ பூ இருக்கும். வெட்டிய நேரத்திலிருந்து கடை வரைக்கும் பூவுக்கு வெயில் படாது.

அதே கென்யாவில் எல்டோரெட் என்ற இன்னொரு மேட்டுநில ஊர் இருக்கிறது. 2,100 மீட்டருக்கு மேலே, 3,500 மீட்டர் ஓடுபாதையுடன் 1990களில் ஒரு சர்வதேச விமான நிலையம் கட்டினார்கள். அங்கே இறங்கும் சரக்கு விமானங்கள் பெரும்பாலும் இறக்குமதிப் பொருளைக் கொட்டிவிட்டு ஏற்றுமதி இல்லாமல் திரும்புகின்றன என்பது நெடுநாள் முறைப்பாடு. ஒரே நாடு, ஒரே மேட்டுநிலம். ஒரு ஊரில் குளிர் அறை முதலில் வந்தது, இன்னொரு ஊரில் ஓடுபாதை.

நைவாஷாவை அப்படியே நகலெடுக்கவும் வேண்டாம். தொழிலாளர் கூலி, பூச்சிமருந்து, ஏரித் தண்ணீர் பற்றி அங்கே கடுமையான குற்றச்சாட்டுகள் உண்டு. இருநூறு வருடம் பெருந்தோட்டத்தில் உழைத்த சமூகம் நாம், இன்னொரு பெருந்தோட்ட முறைக்குள் பூப்பறிக்கப் போவது முன்னேற்றம் ஆகாது. குளிர் அறை யாருடையது என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

நம் கட்டுநாயக்க சரக்குக்கு ஏற்ற இடமா?

ஏற்ற இடம்தான். கட்டுநாயக்கவே ஒரு காலத்தில் சின்னத் தளமாக இருந்தது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படை போட்ட ஓடுபாதை அது. இரத்மலானையிலிருந்து சர்வதேச விமானங்கள் 1960களில் அங்கே மாறின. கொழும்புத் துறைமுகம் பக்கத்தில் இருப்பதால், கப்பலில் வந்த ஆடைப் பெட்டிகளை இறக்கி விமானத்தில் ஏற்றி ஐரோப்பாவுக்கு விரைவாக அனுப்பும் வழக்கமும் அங்கே உண்டு. நாம் தேடும் மையம் நம் மலைக்குக் கீழே, ஐந்தாறு மணி நேர லொறிப் பயணத்தில் இருக்கிறது. அந்த ஐந்தாறு மணி நேரத்தில்தான் நம் பணம் அழுகுகிறது.

தேயிலை ஏன் விமானத்தில் போவதில்லை?

தேவையில்லை, அதனால்தான். காய்ந்த தேயிலை கப்பலில் சில வாரம் போனாலும் கெடாது. இலங்கை ஆண்டுக்கு ஏற்றுமதி செய்யும் தேயிலை அண்மைக் காலத்தில் ஏறத்தாழ 24 கோடி கிலோ. அதை நூறு தொன் விமானங்களில் ஏற்றினால் வருடத்துக்கு 2,400 விமானம், அதாவது ஒவ்வொரு நாளும் ஆறு அல்லது ஏழு. கூலி கட்டுப்படியாகாது. மாதிரிப் பொட்டலங்களும், மிக உயர்ந்த விலைக்குப் போகும் சிறிய அளவு விசேஷத் தேயிலையும் மட்டும் விமானத்தில் போகின்றன.

அப்போ எதுதான் விமானத்தில் போகத் தகுந்தது?

சீக்கிரம் கெடுவதும், கிலோவுக்கு நல்ல விலை கிடைப்பதும். சலாது இலை, ஸ்ட்ரோபெரி, நிறக் கறிமிளகாய், மல்லியிலை போன்ற வாசனை இலைகள், வெட்டுப் பூ, அலங்கார இலை. கரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு, கோவா பாரம் கூடியவை, விலை குறைந்தவை. அவை கப்பலில் போவது நல்லது. பக்கத்து மாலைதீவுக்கு மட்டும் விதிவிலக்கு. அங்கே ஹோட்டல்கள் நிறைய, விளைநிலம் மிகக் குறைவு, பறக்கும் நேரம் ஏறத்தாழ ஒன்றரை மணி. அதனால் லீக்ஸும் போஞ்சியும்கூட அங்கே விமானத்தில் போகின்றன.

தனிச் சரக்கு விமானம் வர வேண்டுமா?

வேண்டாம். உலக விமானச் சரக்கில் ஏறத்தாழ பாதி, பயணிகள் விமானத்தின் வயிற்றுப் பகுதியில்தான் போகிறது. மேலே மனிதர் உட்கார்ந்திருக்க, கீழே பெட்டிகளோடு மரக்கறி. அகன்ற உடல் விமானங்களில் பத்து முதல் இருபது தொன் வரை இடம் கிடைக்கும், ஏ320 போன்ற சிறியவற்றில் ஓரிரு தொன். ஆகவே கட்டுநாயக்கவுக்கு எத்தனை பயணிகள் விமானம் வருகிறதோ அத்தனை கதவு நமக்குத் திறக்கிறது. 2020இல் கொரோனாவால் பயணிகள் விமானங்கள் நின்றபோது உலகம் முழுவதும் சரக்குக் கூலி பல மடங்கு ஏறியதன் காரணமும் இதுதான்.

கூலியை எப்படிக் கணக்குப் பார்க்கிறார்கள்? நிறுத்துக் கொடுத்ததைவிட அதிகமாக எழுதுகிறார்களே?

ஏமாற்று இல்லை, இடத்துக்கும் காசு கேட்கிறார்கள். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 6,000ஆல் வகுப்பார்கள். வரும் எண்ணையும் உண்மை நிறையையும் ஒப்பிட்டு, எது கூடவோ அதற்குக் கூலி.

உதாரணமாக 60, 40, 30 சென்டிமீட்டர் பெட்டி. பெருக்கினால் 72,000, வகுத்தால் 12 கிலோ. அதற்குள் 7 கிலோ சலாது இலை இருந்தாலும் 12 கிலோவுக்குத்தான் கட்ட வேண்டும். கறிமிளகாயை நெருக்கமாக அடுக்கி அதே பெட்டியில் கூடுதல் நிறை ஏற்றினால் ஒரு கிலோவுக்கு விழும் கூலி குறையும். இதை மனத்தில் வைத்து முதலில் பெட்டியின் அளவைத் தீர்மானியுங்கள், பிறகு பொருளை. பெட்டி அடிப்பவரிடம் கையிருப்பில் உள்ள அளவை வாங்கிவிட்டுப் பிறகு பொருளைத் திணிப்பவர்கள் ஒவ்வொரு அனுப்பலிலும் நட்டப்படுகிறார்கள். மேலும் எரிபொருள், பாதுகாப்புச் சோதனை, முனையக் கட்டணம் என்று சில உண்டு. சரக்கு அனுப்பும் முகவரிடம் எல்லாம் சேர்த்து கிலோவுக்கு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள்.

குளிர்ச் சங்கிலி என்கிறார்களே, அது எங்கே அறுகிறது?

பறித்த இடத்திலிருந்து வாங்குபவர் கை வரை குளிர் விடாமல் காப்பதுதான் குளிர்ச் சங்கிலி. பறித்த பிறகும் மரக்கறி மூச்சு விடுகிறது. வெப்பம் பத்துப் பாகை கூடினால் அந்த மூச்சின் வேகம் இரண்டு மூன்று மடங்காகும், அந்த அளவுக்கு ஆயுள் குறையும். நுவரெலியாக் குளிரில் பறித்தது என்பதால் நமக்கு ஒரு ஆரம்ப வரம் கிடைத்திருக்கிறது. அதை நாம் மலை இறங்குவதற்குள் இழக்கிறோம்.

வழக்கமாக நடப்பதைச் சொல்கிறேன். காலையில் பறித்து, வரப்பில் குவித்து, பையில் திணித்து, அதன்மேல் ஆள் ஏறி மிதித்து, மாலையில் தார்ப்பாய் போட்ட லொறி. இராத்திரி முழுக்க ரம்பொடை வளைவுகளிலோ கினிகத்தேனை இறக்கத்திலோ குலுங்கி, விடியற்காலை பேலியகொடைச் சந்தையின் புழுக்கத்தில் இறங்கும்போது அடியில் இருப்பது பாதி நசுங்கியிருக்கும். நாட்டில் விளையும் பழம் மரக்கறியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீணாகிறது என்பது விவசாயத் துறையினர் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு. பிளாஸ்டிக் பெட்டியைக் கட்டாயமாக்க 2011இல் அரசாங்கம் முயன்றபோது வியாபாரிகளும் விவசாயிகளும் எதிர்த்தார்கள். பெட்டி பிடிக்கும் இடமும், வெறும் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவரும் செலவும் யார் தலையில் என்று யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. எதிர்ப்பில் நியாயம் இருந்தது. ஆனால் ஏற்றுமதிக்கு வேறு வழி கிடையாது, பெட்டிதான்.

எல்லாப் பொருளுக்கும் ஒரே குளிர் ஆகாது. சலாது இலை, லீக்ஸ், ஸ்ட்ரோபெரி பூச்சியத்திலிருந்து இரண்டு பாகை வரை கேட்கும். ரோஜாவுக்கு ஒன்று முதல் நான்கு. கறிமிளகாயை ஏழு பாகைக்குக் கீழே வைத்தால் தோல் குழிவிழும். போஞ்சியும் அதிகக் குளிரைத் தாங்காது. எல்லாவற்றையும் ஒரே அறையில் அடைத்துவிட்டு "குளிரில்தானே வைத்தோம்" என்றால் பயனில்லை. பறித்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் வயல் சூட்டை இறக்குவதுதான் மிகப் பெரிய வேலை. அது தவறினால் பிறகு எத்தனை நல்ல குளிர் லொறி கிடைத்தாலும் இழந்த நாளைத் திருப்ப முடியாது.

என்னென்ன பத்திரங்கள் வேண்டும்?

ஏற்றுமதியாளராகச் சுங்கத் திணைக்களத்தில் பதிவு, விலைப்பட்டியல், பொதிப் பட்டியல், விமானச் சரக்குச் சீட்டு, தாவர நலச் சான்றிதழ். கடைசியாகச் சொன்னதை விவசாயத் திணைக்களத்தின் தேசிய தாவரத் தொற்றுக்காப்புச் சேவை கொடுக்கும், அலுவலகம் கட்டுநாயக்கவிலேயே இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு 2019 டிசம்பர் 14 முதல் அன்னாசி, தேங்காய், டுரியன், வாழைப்பழம், பேரீச்சை ஆகிய ஐந்தைத் தவிர ஏறக்குறைய எல்லாப் புதிய பழம் மரக்கறிக்கும் அந்தச் சான்றிதழ் கட்டாயம்.

சரக்குச் சீட்டில் 11 இலக்கம் இருக்கும். முதல் மூன்றும் விமான நிறுவனத்தின் குறியீடு, ஸ்ரீலங்கனுக்கு 603. இந்த இலக்கத்தை வைத்து உங்கள் சரக்கு எங்கே நிற்கிறது என்று நீங்களே கைபேசியில் பார்க்கலாம். முகவரிடம் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பூச்சிமருந்து எச்சம் தனிக் கவலை. நம் நாட்டு வல்லாரையும் பொன்னாங்காணியும் இதற்காகவே ஐரோப்பாவில் கூடுதல் சோதனைப் பட்டியலில் இடம்பிடித்தன. ஒருவர் மருந்தடித்த மறுநாள் பறித்தால், அவருடைய பெட்டியோடு சேர்த்து எல்லோருடைய பெட்டியும் திரும்பும். எந்த நாளில் எந்த மருந்து அடித்தோம் என்று ஒரு கொப்பியில் எழுதும் பழக்கம் இன்றே தொடங்கலாம், அதற்குக் காசு தேவையில்லை.

எனக்கு இருப்பது கால் ஏக்கர்கூட இல்லை. நானும் ஏற்றுமதி செய்ய முடியுமா?

தனியாக முடியாது, சேர்ந்தால் முடியும். வலி நிறைந்த உண்மை என்னவென்றால், தோட்டத்தில் வாழும் நம்மில் பலருக்கு லயத்துக்குப் பின்னால் இருக்கும் துண்டும், வீட்டுத் திட்டத்தில் கிடைத்த ஏழு பேர்ச்சோ பத்துப் பேர்ச்சோதான் காணி. அதுவும் காணி உறுதிப் பத்திரம் கையில் இல்லாமல். உறுதி இல்லாத காணிக்கு வங்கி கடன் தராது, கடன் இல்லாமல் பொலித்தீன் கூடாரம் போட முடியாது. விமானச் சரக்கு பற்றிப் பேசுகிறவர்கள் காணி உரிமையைப் பற்றிப் பேசாமல் போனால் அந்தப் பேச்சு நம் வீட்டுப் படி ஏறாது.

இருக்கும் நிலைமையில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இருபது முப்பது வீட்டார் ஒரே வகை விதை, ஒரே கிழமை நடுகை, ஒரே மருந்துக் கொப்பி என்று உடன்பட்டு, கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் பெயரில் ஒரு பொதி செய்யும் நிலையமும் சிறு குளிர் அறையும் கேட்கலாம். வாங்குபவர் கேட்பது ஒரு நாள் அதிக அளவு இல்லை. ஒவ்வொரு செவ்வாயும் ஒவ்வொரு வெள்ளியும் அதே தரம், அதே அளவு. அந்த ஒழுங்கைப் பெரிய பண்ணைக்கு நிகராகச் சிறியவர்களும் கொடுக்கலாம், கணக்கு எழுத நேர்மையான ஒருவர் இருந்தால். கணக்கை எல்லோரும் பார்க்கும்படி சுவரில் ஒட்டுங்கள். சங்கங்கள் பெரும்பாலும் விலையால் உடைவதில்லை, சந்தேகத்தால்தான் உடைகின்றன.

யாழ்ப்பாணம் விமான நிலையம் வழியாக அனுப்பலாமா?

2019இல் பலாலி சர்வதேச நிலையமாகத் திறந்தது, சென்னைக்கு 70 பேர் அளவிலான ஏடிஆர் விமானங்கள் பறந்தன. சரக்கு இடம் மிகக் குறைவு. மலையிலிருந்து தூரமும் அதிகம். இப்போதைக்கு இல்லை.

மண்சரிவு வந்தால் பாதையே போய்விடுகிறதே, அதற்காகவாவது விமானத் தளம் வேண்டாமா?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மலை சரிந்து ஊர்கள் துண்டிக்கப்பட்டன. நூற்றுக்கணக்கான உயிர்கள் போயின. ஆகவே இந்தக் கேள்வியை நான் இலேசாக எடுக்கவில்லை. ஆபத்து வேளையில் உதவுவது ஹெலிகொப்டர். அதற்கு வேண்டியது ஓடுபாதை கிடையாது. ஒவ்வொரு தோட்டத்துக்கும் அடையாளமிட்ட, கம்பி குறுக்கே போகாத ஒரு திறந்த மைதானம், அருகே மருந்தும் அரிசியும் வைக்க ஒரு அறை. பல தோட்டங்களில் விளையாட்டு மைதானம் ஏற்கெனவே இருக்கிறது. அதைச் சமன் செய்து பதிவு செய்யச் சொல்லி பிரதேச செயலகத்தில் கேளுங்கள், இது கிடைக்கக்கூடிய கோரிக்கை.

பாதையைப் பொறுத்தவரை, கண்டிக்குப் போகும் மத்திய அதிவேக நெடுஞ்சாலையில் மீரிகம முதல் குருநாகல் வரையான பகுதி 2022இல் திறந்தது. அது முழுமையாக முடிந்து கட்டுநாயக்கவோடு இணைந்தால் நம் லொறிக்குப் பெரிய ஆறுதல்.

இந்தத் துறையில் நம் பிள்ளைகளுக்கு என்ன வேலை இருக்கிறது?

விமானி வேலையை மட்டும் கனவு காண்கிறார்கள், பின்னால் நூறு வேலை இருக்கிறது. சுங்க ஆவணம் தயாரிக்கும் வாஃப் கிளார்க், சரக்கு அனுப்பும் முகவர் நிறுவனத்தில் முன்பதிவு, களஞ்சியம், பொதிகளைத் தட்டில் அடுக்கி வலை போடுதல், தரச் சோதனை, குளிர் அறை பராமரிக்கும் தொழில்நுட்பவியலாளர். ஆபத்தான பொருட்களைக் கையாள, விமான நிறுவனங்களின் சர்வதேசச் சங்கமான அயாட்டாவின் பயிற்சிச் சான்றிதழுக்கு நல்ல மதிப்பு உண்டு, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் பேசும் பிள்ளைக்கு இந்தத் துறையில் கதவு சீக்கிரம் திறக்கும். குளிரூட்டல் தொழில்நுட்பம் படித்தவர் ஊரிலேயே இருந்து வாழலாம். அந்தப் படிப்பை நான் முதலில் பரிந்துரைப்பேன்.

மத்திய கிழக்கில் வேலை செய்தவர் இறந்துபோனால் உடலும் சரக்காகவா வருகிறது?

ஆம். கேட்பவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி இது, ஆனால் நம் தோட்டங்களில் பல குடும்பங்களுக்குத் தேவைப்பட்டிருக்கிறது. உடல் விமானத்தின் சரக்குப் பகுதியில் வரும், குடும்பத்தார் கட்டுநாயக்கவில் சரக்கு முனையத்தில்தான் பெற வேண்டும், பயணிகள் வெளியேறும் வாசலில் நிற்கக்கூடாது. இறப்புச் சான்றிதழ், உடல் பதனிட்ட சான்றிதழ், அந்த நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்தின் கடிதம், கடவுச்சீட்டு ஆகியவை கூடவே வரும்.

செய்தி கிடைத்தவுடன் தரகரிடம் ஓடிப் பணம் கொடுக்காதீர்கள். பிரதேச செயலகத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்புக்குப் பொறுப்பான அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார், முதலில் அவரிடம் போங்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்து போனவர் என்றால் காப்புறுதி உரிமை உண்டு. கொடுக்க வேண்டிய சம்பளப் பாக்கியையும் அதே மனுவில் எழுதுங்கள், பிறகு கேட்டால் கிடைப்பது கஷ்டம்.

சரி, எங்கள் சங்கம் தயார். முதல் தடவை எதை, எங்கே அனுப்புவது?

மாலைதீவு. ஒரு பொருள், ஒரு வாங்குபவர், சிறிய அளவு. முதல் அனுப்பலில் பெட்டிக்குள் வெப்பம் பதியும் சிறு கருவி ஒன்றை வையுங்கள், விலை அதிகமில்லை. எந்த மணிக்கு எங்கே சூடு ஏறியது என்று அது காட்டிக்கொடுக்கும், வயலிலா, லொறியிலா, முனையத்தில் காத்திருந்தபோதா என்று சண்டை பிடிக்கத் தேவையிருக்காது. விமானம் புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பே சரக்கை ஒப்படைக்க வேண்டும், அந்தக் கடைசி நேரத்தை முகவரிடம் கேட்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பறிக்கும் நேரத்தைத் தீர்மானியுங்கள். மழைக்காலத்தில் பாதைக்கு இன்னும் இரண்டு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.